போடிப் பாதைக்கு மேலே ஒரு கம்பி

போடிநாயக்கனூருக்கு ரயில் மூன்று முறை வந்திருக்கிறது. முதல் முறை 1928-ல். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, 1942-ல், போருக்கு இரும்பு வேண்டுமென்று தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு, 1950-களில், மறுபடி வந்தது. அந்த மீட்டர் கேஜ் வண்டியும் 2010 டிசம்பர் 31-ஆம் தேதியோடு நின்றது. அகலப் பாதை போடுகிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஊர் பொறுத்துக்கொண்டது, பன்னிரண்டு வருடம். 2022 மே 26-ஆம் தேதி மதுரையிலிருந்து தேனி வரையான பாதையைத் திறந்துவைத்தார்கள். 2023 ஜூன் 15-ஆம் தேதி சென்னை சென்ட்ரல் விரைவு வண்டியோடு போடி மறுபடி ரயில்வே வரைபடத்தில் ஏறியது.

முதல் இரண்டு வருகையிலும் பாதையைப் பார்த்துக்கொள்ளும் கேங்மேனின் கவலை முழுக்கத் தரையில்தான் இருந்தது. ஸ்லீப்பர் கட்டை உளுத்திருக்கிறதா, கீ கழன்றிருக்கிறதா, ஆண்டிபட்டிக் கணவாயில் மழைக்குக் கல் உருண்டு கிடக்கிறதா, ஜல்லிக்குள் பாம்பு இருக்கிறதா என்று குனிந்தே நடந்தார். மூன்றாம் வருகை அவரை அண்ணாந்து பார்க்க வைத்துவிட்டது. மதுரையிலிருந்து போடி வரை 90 கிலோமீட்டருக்கு, தண்டவாளத்துக்கு மேலே சுமார் ஐந்தரை மீட்டர் உயரத்தில் இப்போது செம்புக் கம்பி ஓடுகிறது. வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். இந்தக் கம்பியில் 25,000.

தொட்டால் ஆள் பிழைக்க மாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். தொடாதவரையும் அந்தக் கம்பி சுடும் என்பதுதான் பலருக்குத் தெரியாதது. மின்சாரம் காற்றைக் கிழித்துக்கொண்டு பாயும்போது உண்டாகும் தீப்பிழம்புக்கு ஆர்க் என்று பெயர். கிரில் பட்டறையில் கறுப்புக் கண்ணாடி பிடித்துக்கொண்டு ஒருவர் வெல்டிங் வைக்கிறாரே, அது கட்டுக்குள் இருக்கும் ஆர்க். அதே சங்கதி கட்டுக்குள் இல்லாமல், ஆயிரக்கணக்கான ஆம்பியரோடு, ஆள் நிற்கும் இடத்தில் வெடித்தால் அதன் நடுப்பகுதி 20,000 டிகிரி செல்சியஸ் வரை போகும். சூரியனின் மேற்பரப்பே 5,500 டிகிரிதான். செம்பு உருகுவதோடு நிற்காமல் ஆவியாகி, இருந்த இடத்தைப்போல 67,000 மடங்கு விரிகிறது. அந்த விரிவுதான் வெடிச்சத்தம். அதுதான் ஆளைத் தூக்கி எறியும் காற்றும். ஷாக் அடிக்க வேண்டிய அவசியமே இல்லை.

ரயில்வே தொழிலாளியை இந்தத் தீயிலிருந்து காப்பாற்றுவது எப்படி என்று உலகம் கற்றுக்கொண்ட கதை நீளமானது. அதன் கடைசி அத்தியாயங்களில் ஒன்று போடிப் பாதையிலும் நடந்துகொண்டிருக்கிறது.

போடி மலைச்சரிவுக்கு இதெல்லாம் புதிது என்று நினைக்க வேண்டாம். கீழே ரயில் வருவதற்குக் கால் நூற்றாண்டு முன்பே மேலே ரயில் ஓடியது. 1902-ல் மூணாறு தேயிலைத் தோட்டக்காரர்கள் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளத்தில் மாடுகளை வைத்து இழுக்கும் வண்டி விட்டார்கள். 1908-ல் அதை மாற்றி, இரண்டடி அகலப் பாதையில் சிறிய நீராவி எஞ்சின்கள் ஓடின. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ரயில். அங்கிருந்து ரோப்வேயில் தேயிலைப் பெட்டிகள் செங்குத்தாகக் கொட்டகுடிக்கு இறங்கும். கொட்டகுடியிலிருந்து போடிக்கு வண்டி கட்டுவார்கள். இன்றைக்கு சுற்றுலாக்காரர்கள் படம் எடுத்துக்கொள்ளும் டாப் ஸ்டேஷனுக்கு அந்தப் பெயர் வந்தது இப்படித்தான். 1924-ல், மலையாள ஆண்டு 1099-ல், வந்த பெருவெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போயிற்று. கேரளத்தில் இன்றும் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்றுதான் அதைச் சொல்கிறார்கள். மேலே இருந்த ரயில் போய் நான்கு வருடம் கழித்துக் கீழே போடிக்கு ரயில் வந்தது. இரண்டும் ஒரு நாள்கூடக் கைகோக்கவில்லை.

மின்சாரமும் இந்த மலைக்குத்தான் முதலில் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தேயிலைக் கம்பெனி பெரியகானல் பக்கம் அருவித் தண்ணீரில் மின்சாரம் எடுத்துத் தன் தொழிற்சாலைகளை ஓட்டியது. 1940-ல் பள்ளிவாசல் நீர்மின் நிலையம். 1950-களின் இறுதியில், மலையின் இந்தப் பக்கம், முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரைக் குழாயில் இறக்கி லோயர் கேம்பில் பெரியாறு மின் நிலையம். ஊருக்கெல்லாம் மின்சாரம் கொடுத்த மலையின் அடிவாரத்தில் ரயில் மட்டும் கரிப்புகையிலும் பிறகு டீசலிலும் ஓடிக்கொண்டிருந்தது.

ஆகவே ஆர்க்கின் சுபாவத்தை இந்தப் பகுதியில் முதலில் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் ரயில்வேக்காரர்கள் அல்ல, ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள். ஏலச்செடிக்கு நிழல் வேண்டும். நிழல் மரத்துக்கு வருடா வருடம் கிளை கழிக்க வேண்டும். மரத்தில் மிளகுக் கொடி ஏறியிருந்தால் அதைப் பறிக்க ஏணி வேண்டும். மூங்கில் ஏணி இருந்த வரைக்கும் ஆபத்து குறைவு. அலுமினிய ஏணியும் இரும்புக் குழாயில் கட்டிய தொரட்டியும் வந்த பிறகு, தோட்டத்துக்கு நடுவே போகும் லைனில் ஏணியின் தலை உரசினாலே போதும். கேரள மின்வாரியம் வருடந்தோறும் இதற்காக எச்சரிக்கை விடுகிறது. விடியற்காலையில் போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஜீப்பில் அடைத்துக்கொண்டு மேலே போகும் கூலியாட்களில் எத்தனை பேர் காதில் அது விழுகிறது என்பது வேறு விஷயம்.

உலகத்தில் லைன்மேன் வேலை பிறந்த நாளிலிருந்தே சாவும் கூடவே வந்தது. அமெரிக்காவில் மின் தொழிலாளர் சங்கம் 1891-ல் செயின்ட் லூயிஸ் நகரில் தொடங்கியபோது அதன் முதல் தலைவராக இருந்தவர் ஹென்றி மில்லர் என்ற லைன்மேன். சங்கம் வைத்ததே கம்பத்தில் சாகும் தோழர்களுக்காகத்தான். ஐந்து வருடம் கழித்து, 1896-ல், வாஷிங்டனில் கம்பத்தில் வேலை செய்தபோது ஷாக் அடித்துக் கீழே விழுந்து அவரும் இறந்தார். அன்றைய லைன்மேனிடம் இருந்த பாதுகாப்பு, கூட வேலை செய்கிறவர் போடும் சத்தம் ஒன்றுதான்.

இந்தியாவில் மின்ரயில் 1925 பிப்ரவரி 3-ஆம் தேதி பம்பாயில் தொடங்கியது. தமிழ்நாட்டுக்கு 1931 மே மாதம்: சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை, மீட்டர் கேஜில், சவுத் இந்தியன் ரயில்வே ஓட்டியது. இரண்டுமே 1,500 வோல்ட் நேர்மின்சாரம், அதாவது டி.சி. வோல்ட் குறைவாக இருப்பதால் ஆபத்து குறைவு என்று தோன்றும். ஆர்க் விஷயத்தில் அது சரியில்லை. ஏ.சி. மின்சாரம் நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்துக்கு இறங்கி ஏறுகிறது. அந்த இறக்கத்தில் ஆர்க் தானாக அணைய ஒரு வாய்ப்பு கிடைக்கிறது. டி.சி.க்கு அந்த மூச்சுவாங்கலே கிடையாது. ஒருமுறை பிடித்தால் இழுத்துக்கொண்டே போகும். அதனால்தான் மின்சாரத்தைத் துண்டிக்கும் டி.சி. பிரேக்கர்களில் காந்தப்புலத்தால் ஆர்க்கை ஊதி நீட்டி, தடுப்புச் சுவர்கள் நிறைந்த ஒரு பெட்டிக்குள் தள்ளித் துண்டு துண்டாக வெட்டி அணைக்கிறார்கள். இன்றைக்கு பெங்களூரிலும் கொச்சியிலும் மெட்ரோ ரயில்கள் பக்கவாட்டில் ஓடும் மூன்றாவது தண்டவாளத்திலிருந்து 750 வோல்ட் டி.சி. எடுக்கின்றன. அங்கே வேலை செய்கிறவருக்கு ஆபத்து தலைக்கு மேல் இல்லை, முழங்கால் பக்கத்தில் இருக்கிறது. சென்னை மெட்ரோ 25,000 வோல்ட் ஏ.சி.யை எடுத்துக்கொண்டது.

இந்த 25,000 வோல்ட் பிரான்சிலிருந்து வந்த சரக்கு. 1954-ல் வாலன்சியேன் – தியோன்வில் பாதையில் பிரெஞ்சு ரயில்வே இதை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டியது. 1957-ல் இந்தியா இதுதான் நமக்குச் சரி என்று முடிவெடுத்தது. பிரெஞ்சு ரயில்வேயே ஆலோசகராக வந்தது. வோல்ட் அதிகம் என்றால் கம்பி மெலிதாக இருக்கலாம், துணை மின் நிலையங்களைத் தள்ளித் தள்ளி வைக்கலாம், செலவு குறையும். கணக்கு சரிதான். 1967-ல் சென்னைக் கடற்கரை – தாம்பரம் பாதையும் 25,000 வோல்ட்டுக்கு மாறியது. விழுப்புரம் வரை மீட்டர் கேஜில் ஜப்பானிய மின் எஞ்சின்கள் ஓடின.

தாம்பரம் பாதையில் அதுவரை 1,500 வோல்ட்டோடு பழகியிருந்தவர்கள் ஒரே மாற்றத்தில் பதினாறு மடங்குக்கும் மேற்பட்ட வோல்ட்டுக்குக் கீழே வேலை செய்ய வேண்டியிருந்தது. பழைய கைப்பழக்கம் செல்லாது. 25,000 வோல்ட் கம்பிக்கும் எர்த்தாகியிருக்கும் எந்தப் பொருளுக்கும் நடுவே கால் மீட்டர் காற்றாவது இருக்க வேண்டும் என்பது ரயில்வே வைத்திருக்கும் அளவு. அது கம்பிக்கும் பாலத்துக்கும். ஆளுக்கு அது போதாது. ஆள் கையை நீட்டுவார், கையில் ஸ்பேனர் இருக்கும், தடுமாறுவார். ஆகவே ஆளுக்கு இரண்டு மீட்டர் என்று விதித்தார்கள். மின்சாரம் இருக்கும் எந்தப் பாகத்திலிருந்தும் இரண்டு மீட்டருக்குள் வேலை என்றால் பவர் பிளாக் எடுத்து அந்தப் பகுதியை அணைக்க வேண்டும், எழுத்தில் பெர்மிட் வாங்க வேண்டும். ஏ.சி. டிராக்ஷன் கையேட்டின் சாரத்தை ஒரே வரியில் சொல்வதானால், எர்த் போட்டுக் கண்ணால் பார்க்கும் வரை ஒவ்வொரு கம்பியிலும் மின்சாரம் இருப்பதாகவே நினை.

போடிப் பாதை போன்ற ஒற்றைப் பாதையில் அந்த வேலை நடப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம்.

கம்பி வேலைக்கு மேடை வைத்த ரயில் வண்டியான டவர் வேகன் வந்து நிற்கிறது. மேடையில் ஏறப்போகிறவர்கள் இன்னும் ஏறவில்லை. சூப்பர்வைசர் போனில் டிராக்ஷன் பவர் கன்ட்ரோலரைக் கூப்பிடுகிறார். டி.பி.சி. என்று எல்லோரும் சொல்லும் அந்த அதிகாரி பல கிலோமீட்டர் தள்ளி ஒரு கட்டுப்பாட்டு அறையில் இருக்கிறார். எந்தப் பகுதி, என்ன வேலை, எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்டுக்கொண்டு, தொலைவிலிருந்தே சுவிட்சைத் திறந்து அந்தப் பகுதியை அணைக்கிறார். ஸ்டேஷன் மாஸ்டருக்கும் தகவல் போகிறது: அந்தப் பகுதிக்குள் மின் எஞ்சின் எதையும் விடக் கூடாது. ஏனென்றால் எஞ்சினின் கூரைமேல் நின்று கம்பியைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் பேன்டோகிராஃப், மின்சாரம் உள்ள பகுதிக்கும் இல்லாத பகுதிக்கும் நடுவே ஓடும்போது இரண்டையும் ஒரு கணம் இணைத்துவிடும். அணைத்த கம்பி உயிர்பெற அந்த ஒரு கணம் போதும். பிறகு இரண்டு பக்கமும் ஒரு பிரைவேட் நம்பர் பரிமாறிக்கொள்கிறார்கள். இன்னாரிடமிருந்து இத்தனை மணிக்கு இந்த எண் என்று இரண்டு பேரும் எழுதி வைக்கிறார்கள். பின்னால் “நான் அப்படிச் சொல்லவேயில்லை” என்று யாரும் சொல்ல முடியாது.

இதோடு முடிந்தது என்று ஏறினால் பாதி வேலைதான் ஆகியிருக்கிறது. டிஸ்சார்ஜ் ராடை எடுக்கிறார்கள். கம்பி உயரத்துக்கு எட்டும் மின்காப்புக் கழி, நுனியில் கொக்கி, கொக்கியிலிருந்து கீழே வரை தடித்த கேபிள், கேபிளின் மறுமுனையில் கிளாம்ப். முதலில் கிளாம்பைத் தண்டவாளத்தில் இறுக்க வேண்டும். பிறகுதான் கொக்கியைக் கம்பியில் மாட்ட வேண்டும். கழற்றும்போது நேர் எதிர்: கம்பியிலிருந்து கொக்கி முதலில், தண்டவாளக் கிளாம்ப் கடைசியில். இந்த வரிசையை மாற்றினால், கம்பியில் மிச்சமிருக்கும் மின்சாரத்துக்கும் தரைக்கும் நடுவே கேபிளைப் பிடித்திருக்கும் கைதான் பாலம். கொக்கி கம்பியைத் தொடும் நொடியில் பல சமயம் ‘சடக்’ என்று ஒரு சின்னப் பொறி வரும். புதிதாக வேலைக்கு வந்தவர் மிரண்டுபோவார். பக்கத்துப் பாதையில் மின்சாரம் ஓடினால் அணைத்த கம்பியிலும் தூண்டல் மின்னழுத்தம் ஏறியிருக்கும். அது இறங்குகிற சத்தம் அது. மதுரை யார்டு மாதிரி பல பாதைகள் பக்கம் பக்கமாக ஓடும் இடத்தில் இது சகஜம்.

வேலை நடக்கும் இடத்துக்கு ஒரு பக்கம் மட்டும் எர்த் போட்டால் போதாது. இரண்டு பக்கமும் வேண்டும். மின்சாரம் எந்தப் பக்கமிருந்து தப்பித்தவறி வந்தாலும் ஆளைத் தாண்டி வரக் கூடாது. யாரோ எங்கோ தவறாக சுவிட்சைப் போட்டுவிட்டாலும் எர்த் போட்ட இடத்தில் ஷார்ட் ஆகி பிரேக்கர் விழுந்துவிடும். ஆர்க் அடித்தால் அங்கே அடிக்கும், மேடையில் நிற்கிறவர் முகத்தில் அடிக்காது. “எர்த் போட்டாச்சா? அந்தப் பக்கம்?” என்று சத்தம் போட்டுக் கேட்டு, பதில் வந்த பிறகே பெர்மிட் கைமாறுகிறது.

ஐசொலேட்டர் இன்னொரு கண்டம். பிரேக்கருக்கு ஆர்க்கை அணைக்கும் அறை உண்டு. பழைய நாளில் எண்ணெய், பிறகு வாயு, இப்போது வெற்றிடம். ஐசொலேட்டருக்கு எதுவும் கிடையாது. வெறும் காற்றில் திறக்கும் செம்புக் கத்தி. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது அதைத் திறந்தால் கத்தியின் வாயிலிருந்து ஆர்க் நீண்டு, உருகிய செம்பு கீழே கைப்பிடியைப் பிடித்திருப்பவர் தலையில் கொட்டும். அதனால்தான் கைப்பிடிக்குப் பூட்டு. டி.பி.சி. உத்தரவு இல்லாமல் அதைத் தொடக் கூடாது என்று விதி. எஞ்சின் கூரைமேல் ஏறுகிறவருக்கு ஒரு சாவிச் சங்கிலி வைத்திருக்கிறார்கள்: பேன்டோகிராஃபை இறக்கினால்தான் முதல் சாவி வெளியே வரும், அதைக்கொண்டுதான் எஞ்சினை எர்த் செய்ய முடியும், எர்த் செய்தால்தான் கூரைக்குப் போகும் சாவி கிடைக்கும். அத்தனையும் செய்தாலும் மேலே ஓடும் கம்பி அணைந்திருக்காது. அதற்குத் தனியாக பவர் பிளாக் வேண்டும். சாவி எஞ்சினைத்தான் காக்கும், வானத்தை அல்ல என்பது ஷெட்டில் வேலை செய்கிறவர்கள் மறக்கவே கூடாத விஷயம்.

இவ்வளவும் ஷாக்கை மனத்தில் வைத்து எழுதிய விதிகள். ஆர்க்கிலிருந்தும் அவை காப்பாற்றுகின்றன என்பது, சொல்லப்போனால், உபரி லாபம். இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் வெப்பமும் குறைகிறது; எர்த் போட்டால் ஆர்க் வேறிடத்துக்குப் போகிறது; பிரேக்கர் சீக்கிரம் விழுந்தால் ஆர்க் எரியும் நேரம் குறைகிறது. ஆனால் ஆர்க் என்பதைத் தனி ஆபத்தாக எண்ணி யாரும் கணக்குப் போடவில்லை. தீக்காயத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்த தொழிலாளியையும் ‘கரண்ட் அடித்தவர்’ என்றே எழுதினார்கள்.

அந்தக் கணக்கு ரயில்வேக்கு வெளியே, இரண்டு வேறு வேறு இடங்களில் தொடங்கியது. அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் ஆலிஸ் ஸ்டோல் என்ற பெண் விஞ்ஞானி, விமானிகளின் உடை எவ்வளவு தீயைத் தாங்க வேண்டும் என்று பார்ப்பதற்காக, மனிதத் தோல் எந்த வெப்பத்தில் எத்தனை நொடியில் கொப்புளிக்கிறது என்று அளந்தார். சக விஞ்ஞானி கியான்டாவோடு 1969-ல் அவர் வெளியிட்ட வரைபடத்திலிருந்து வந்த எண்தான் இன்றும் உலகம் முழுக்கப் புழங்குகிறது: ஒரு சதுர சென்டிமீட்டர் தோலில் 1.2 கலோரி. அதற்கு மேல் போனால் இரண்டாம் நிலைத் தீக்காயம். இன்னொருவர் ரால்ஃப் லீ. டூபான்ட் கம்பெனியில் வேலை பார்த்த மின்பொறியாளர். ஆர்க்கிலிருந்து எத்தனை தூரத்தில் நின்றால் தோல் வேகாமல் தப்பும் என்று சூத்திரம் எழுதி 1982-ல் வெளியிட்டார். தலைப்பிலேயே ‘இன்னொரு மின் ஆபத்து’ என்று சொன்னார். மின்சாரம் வந்து நூறு வருடம் ஆன பிறகுதான் அந்த ‘இன்னொரு’ ஆபத்துக்கு ஒரு கணக்கு கிடைத்தது.

பிறகு வேகமாகக் காரியங்கள் நடந்தன. 1995-ல் அமெரிக்காவின் 70ஈ என்ற பாதுகாப்புத் தரநூல் ஆர்க் எல்லை என்ற ஒன்றை வகுத்தது: அதற்குள் போகிறவர் ஆர்க் தாங்கும் உடை போட வேண்டும். 2002-ல் மின்பொறியாளர் அமைப்பான ஐ.இ.இ.இ.யின் 1584 என்ற கணக்கீட்டு முறை வந்தது, 2018-ல் திருத்தினார்கள். ஆனால் அந்த முறை 15,000 வோல்ட்டுக்குள் அடங்கிய, மூன்று பேஸ் உள்ள தொழிற்சாலை மின்சாரத்துக்காகச் செய்தது. ரயில் கம்பியோ 25,000 வோல்ட், ஒற்றை பேஸ், திறந்த வெளி. உலகத்தின் மிகப் பிரபலமான ஆர்க் கணக்கு, நம் ஊர் ரயில் கம்பி தொடங்கும் இடத்துக்கு முன்னாலேயே நின்றுவிடுகிறது. ரயில்வேக்கு வேறு அட்டவணைகளையும் லீயின் பழைய சூத்திரத்தையும் வைத்துத்தான் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

இப்போது நம் பக்கம் வருவோம். 1956-ஆம் வருட இந்திய மின்சார விதிகளில் 36-ஆம் விதி, லைனில் வேலை செய்கிறவருக்கு என்னென்ன கொடுக்க வேண்டும் என்று பட்டியல் போட்டது. கையுறை, ரப்பர் காலணி, பாதுகாப்பு பெல்ட், ஏணி, எர்த் சாதனம், ஹெல்மெட், லைன் டெஸ்டர். நல்ல பட்டியல். ஷாக் அடிக்காமலிருக்கவும் விழாமலிருக்கவும் எல்லாம் இருந்தது. தீப்பிடிக்காத சட்டை இல்லை. விதி எழுதியவர்களைக் குறை சொல்ல முடியாது. அன்றைக்கு ஆர்க்குக்கென்று தனி உடை வழக்கத்தில் இல்லை. ஆனால் அந்தப் பட்டியல் நம் மனத்தில் உறைந்துபோய்விட்டது. இன்றும் லைன்மேனுக்குப் பாதுகாப்பு என்றால் கையுறையும் பெல்ட்டும்தான் நினைவுக்கு வருகின்றன.

சட்டைத் துணி அற்ப விஷயமாகத் தெரியலாம். பருத்தி தீப்பிடித்தால் எரியும். பாலியஸ்டரும் நைலானும் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஆஸ்பத்திரியில் தோலோடு சேர்த்துத்தான் உரிக்க வேண்டும். ஆர்க் அணைந்த பிறகும் சட்டை எரிந்துகொண்டிருப்பதால் வரும் காயம் பல சமயம் ஆர்க்கின் காயத்தைவிட மோசம். அந்த வகையில் பழைய காக்கிப் பருத்திச் சட்டை, தெரியாமலே, கொஞ்சம் புத்திசாலித்தனமான உடையாக இருந்தது. மலிவாகவும் சுருங்காமலும் பளபளப்பாகவும் இருக்கிறதென்று செயற்கை நூல் கலந்த துணியும், அதற்கு மேல் மின்னும் பட்டை ஒட்டிய மெல்லிய ஜாக்கெட்டும் வந்த பிறகு, வண்டி மோதாமலிருக்க ஒரு பாதுகாப்பு கிடைத்தது, தீயில் ஒரு ஆபத்து கூடியது. அந்த ஜாக்கெட்டையும் தீ தாங்கும் துணியில் தைக்க முடியும். விலைதான் கூடுதல்.

தேனி வெயிலில் கனத்த உடையை யார் போடுவார் என்ற கேள்வி நியாயமானது. சதுர சென்டிமீட்டருக்கு நாற்பது கலோரி தாங்கும் உடுப்பு விண்வெளி வீரர் உடை மாதிரி இருக்கும். சித்திரை மாதம் ஆண்டிபட்டிக் கணவாயில் அதைப் போட்டுக்கொண்டு டவர் வேகன் மேல் நின்றால் ஆர்க்குக்கு முன்னால் வெயிலே ஆளைச் சாய்த்துவிடும். ஆனால் தண்டவாளத்துக்கு மேல் அணைத்த கம்பியில், இரு பக்கமும் எர்த் போட்டு வேலை செய்கிறவருக்கு அந்த உடுப்பு தேவையில்லை. அன்றாடம் போடும் சட்டையும் பேன்ட்டும் எட்டு கலோரி அளவுக்குத் தாங்கும் துணியில் இருந்தால் பெரும்பாலான நேரத்துக்குப் போதும். கனத்த உடுப்பு, துணை மின் நிலையத்தில் பேனலைத் திறக்கும் ஒருவருக்கு, அந்தச் சில நிமிடத்துக்கு மட்டும். வெயிலைக் காரணம் காட்டி இரண்டையும் சேர்த்துத் தள்ளுபடி செய்வதுதான் தவறு.

போடிப் பாதைக்கு ஒரு வசதியும் ஒரு தொல்லையும் உண்டு. வசதி, வண்டிகள் குறைவு. சென்னையில் கடைசி மின்ரயிலுக்கும் முதல் மின்ரயிலுக்கும் நடுவே கிடைக்கும் சொற்ப நேரத்தில், தூக்கக் கலக்கத்தில், ‘சீக்கிரம் சீக்கிரம்’ என்று செய்ய வேண்டிய வேலையை இங்கே பட்டப்பகலில் நிதானமாகச் செய்யலாம். எர்த் போடாமல் ஏறுவதற்கு இங்கே எந்த அவசரமும் சாக்காக முடியாது.

தொல்லையும் அதே காரணத்தால்தான். வண்டி வராத நேரத்தில் கம்பியில் கரண்ட் இருக்காது என்று ஊரில் பலர் நம்புகிறார்கள். வண்டி வந்தாலும் வராவிட்டாலும், நள்ளிரவிலும், 25,000 வோல்ட் அதே கம்பியில்தான் நிற்கிறது. உசிலம்பட்டி, ஆண்டிபட்டிப் பக்கம் ஆடு மேய்க்கிறவர்கள் கையில் தொரட்டி இல்லாமல் நடப்பதில்லை. வேலிக் கருவையும் வேம்பும் இழுத்துப் போட்டுப் பழகிய கை. முன்பு மூங்கில், இப்போது இலகுவாக இருக்கிறதென்று அலுமினியக் குழாய். தோளில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு லெவல் கிராஸிங்கைக் கடந்தால், அதன் நுனி கம்பிக்குக் கால் மீட்டர் கிட்டப் போவது பெரிய காரியமில்லை. கேட் இருக்கும் இடத்தில் சாலைக்கு மேல் உயரத் தடுப்பு போட்டிருப்பது லாரிக்கு மட்டும் அல்ல. ஆடி மாதக் காற்று வேறு இருக்கிறது. ஆண்டிபட்டி வட்டாரத்தில் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று தென்னை மட்டையையும் பிளக்ஸ் பேனரையும் கொண்டுவந்து கம்பியில் போடும். மட்டை விழுந்து ஷார்ட் ஆனால் பிரேக்கர் விழும். உடனே பழுது போய்விட்டதா என்று பார்க்க மறுபடி கரண்ட் கொடுத்துப் பார்ப்பார்கள். ஆகவே கம்பி அறுந்து கீழே கிடந்தாலும், பொறி பறப்பது நின்றுவிட்டாலும், அது அணைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கிட்டப் போகாமல் 139-க்கோ பக்கத்துக் கேட்கீப்பருக்கோ சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒரு விஷயம். ரயில்வேயின் நிரந்தர ஊழியருக்குப் பயிற்சி உண்டு, தகுதிச் சான்று உண்டு, சங்கம் உண்டு. கம்பிக்குப் பக்கத்தில் மரம் வெட்டவும், பெயின்ட் அடிக்கவும், கேபிளுக்குப் பள்ளம் தோண்டவும் ஒப்பந்தக்காரர் கூட்டிவரும் ஆளுக்கு இந்த மூன்றும் பெரும்பாலும் இல்லை. காலையில் ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப்பில் இடம் கிடைக்காமல் இந்த வேலைக்கு வந்தவராகக்கூட அவர் இருக்கலாம். இரண்டு மீட்டர் என்றால் எவ்வளவு என்று அவருக்குத் தரையில் கோடு கிழித்துக் காட்ட ஐந்து நிமிடம் போதும். சட்டைக்கு ஐந்து நிமிடம் போதாது, டெண்டரில் ஒரு வரி வேண்டும்: கம்பிக்குக் கீழே வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும், நிரந்தரமோ ஒப்பந்தமோ, ஆர்க் தாங்கும் துணியில் இரண்டு ஜோடி, ஒப்பந்தக்காரர் செலவில் அல்ல, வேலையின் மதிப்பீட்டிலேயே தனி இனமாக. தொண்ணூறு கிலோமீட்டர் அகலப் பாதைக்குச் சில நூறு கோடி செலவழித்த ரயில்வேக்கு அந்த ஒரு வரியை எழுதுவது பெரிய செலவில்லை.